ஆர்.இ.எம்.னு ஒரு பேண்ட் இருந்துச்சே, அது எங்க போச்சு?

போன மாசம் அக்கா பொண்ணு ஹெட்போன்ல ஏதோ பாட்டு கேட்டுட்டு இருந்தா, லேசா வெளிய கசிஞ்ச சத்தத்துலயே எனக்குத் தெரிஞ்சுடுச்சு, அந்த மாண்டலின். 'லூசிங் மை ரிலிஜன்' தானேன்னு கேட்டேன். "ஆமா மாமா, ஆஃப்டர்சன் படத்துல அந்தக் குட்டிப் பொண்ணு மேடையில தனியா நின்னு பாடுவாளே, அந்தப் பாட்டு"ன்னா. பாடுனது யாருன்னு தெரியுமான்னு கேட்டேன். ஃபோன எடுத்துப் பாத்துட்டு "ரெம்... ஆர்.இ.எம்.மா? ஏதோ பழைய பேண்டு போல"ன்னு சொல்லிட்டு திரும்ப ஹெட்போன மாட்டிக்கிட்டா.

அவ மேல எந்தத் தப்பும் இல்ல. பாட்டே கேக்காத பொண்ணும் இல்ல அவ, நிர்வாணா டீ-ஷர்ட் ரெண்டு வெச்சிருக்கா, ரேடியோஹெட் ஆல்பங்கள வரிசையா சொல்லுவா, ஃப்ளீட்வுட் மேக் பாட்டு பாதி மனப்பாடம். எல்லாமே அவ பொறக்குறதுக்கு முன்னாடியே பெரிய ஆளா ஆன பேண்டுங்க தான். அந்த வரிசையில ஆர்.இ.எம். மட்டும் எப்படி இல்லாம போச்சுங்கிறது தான் அன்னைக்கு ராத்திரி முழுக்க மண்டைக்குள்ள ஓடிட்டே இருந்துச்சு. 1992ல உலகத்துலயே பெரிய ராக் பேண்ட் எதுன்னு கேட்டிருந்தா நிறைய பேர் யூ2 இல்லன்னா ஆர்.இ.எம்.னு தான் சொல்லியிருப்பாங்க. 1996ல வார்னர் கம்பெனி இவங்களோட அஞ்சு ஆல்பத்துக்கு மறுபடி ஒப்பந்தம் போட்டப்ப தொகை 8 கோடி டாலர்னு பத்திரிகைகள்ல வந்துச்சு, அதுவரைக்கும் இசை உலகத்துல போட்டதுலயே பெரிய ஒப்பந்தம் அது தான்னு எழுதுனாங்க. அவ்வளவு பெரிய பேண்ட், ஒரு தலைமுறை தாண்டறதுக்குள்ள "ஏதோ பழைய பேண்டு".

மங்கிப் போச்சா? ஆமான்னும் சொல்லலாம், இல்லன்னும் சொல்லலாம், ஆனா அது ஏன்னு புரியணும்னா கதைய ஆரம்பத்துல இருந்து பாக்கணும்.

அமெரிக்காவோட தெக்குப் பக்கம் ஜார்ஜியா மாநிலத்துல ஏதன்ஸ்னு ஒரு ஊர், பெரிய யுனிவர்சிட்டி இருக்குற ஊர். அங்க வக்ஸ்ட்ரினு ஒரு ரெக்கார்ட் கடையில பீட்டர் பக் வேலை பாத்துட்டு இருந்தார், அங்க ரெக்கார்ட் வாங்க வந்துட்டு இருந்த மைக்கேல் ஸ்டைப்போட பழக்கமாச்சு. மைக் மில்ஸும் பில் பெர்ரியும் ஏற்கெனவே ஒண்ணா வாசிச்சிட்டு இருந்தவங்க. பக் கிட்டார், மில்ஸ் பேஸ், பெர்ரி டிரம்ஸ், ஸ்டைப் பாட்டு. 1980 ஏப்ரல் 5ஆம் தேதி ஒரு ஃப்ரெண்டோட பொறந்த நாள் பார்ட்டியில தான் முதல் கச்சேரி, அதுவும் வழிபாடு நின்னு போன ஒரு பழைய சர்ச்சுக்குள்ள. அந்த சர்ச்ச 1990ல இடிச்சிட்டாங்க, கோபுரம் மட்டும் தனியா நிக்குது. ரசிகர்கள் இன்னும் அந்தக் கோபுரத்துக்கு முன்னாடி நின்னு ஃபோட்டோ எடுத்துக்குறாங்க.

அந்தக் காலத்துல ஒரு புது பேண்டுக்கு இருந்த வழி ரெண்டு தான். ஒண்ணு, பெரிய கம்பெனி கையில சிக்கி, அவங்க சொல்ற மாதிரி முடி வெட்டி, அவங்க சொல்ற சத்தத்துல ரெக்கார்ட் பண்ணி ரேடியோவுக்குப் போறது. இன்னொண்ணு, பங்க் பேண்டுங்க மாதிரி எல்லாத்தையும் எதிர்த்துக்கிட்டு நூறு பேருக்கு முன்னாடி வாசிச்சிட்டே ஒரு நாள் கலைஞ்சு போறது. இவங்க நாலு பேரும் ஒரு வேன்ல ஏறி ஊர் ஊரா போனாங்க, பெரிய நகரம் மட்டும் இல்ல, காலேஜ் இருக்குற சின்னச் சின்ன ஊருக்கெல்லாம். எங்க எடம் கெடச்சுதோ அங்க தரையில படுத்துத் தூங்குனாங்க. ஒவ்வொரு காலேஜ்லயும் பசங்களே நடத்துற ஒரு சின்ன எஃப்.எம். ஸ்டேஷன் இருக்கும், சிக்னல் ஊர் எல்லைய தாண்டாது, ஆனா என்ன போடணும்னு சொல்ல மேல ஒருத்தரும் கிடையாது. அந்த ஸ்டேஷன்கள் இவங்கள தூக்கி வெச்சுக் கொண்டாடுச்சு. 'காலேஜ் ராக்'னு ஒரு பேரே அந்த ஸ்டேஷன்கள சுத்தித் தான் பரவுச்சு, பின்னாடி அது தான் 'ஆல்டர்னேட்டிவ்'னு மாறி கோடிக்கணக்குல பணம் புரள்ற சந்தையாச்சு. அந்தப் பாதையில வேற பேண்டுங்களும் நடந்தாங்க தான், ஆனா அதுல நடந்தே உச்சிக்குப் போக முடியும்னு காட்டுனது இவங்க.

முதல் ஆல்பம் 'மர்மர்', 1983. பேரோட அர்த்தமே முணுமுணுப்பு. அத ரெக்கார்ட் பண்றதுக்கு முன்னாடி கம்பெனி ஒரு புரொட்யூசர்கிட்ட அனுப்பிப் பாத்துச்சு, அவர் பெர்ரிய ஒரே பாட்ட திரும்பத் திரும்ப வாசிக்க வெச்சு, கடைசியில இவங்களக் கேக்காமலே மேல கீபோர்டு சத்தத்த ஏத்தி வெச்சாரு. நாலு பேருக்கும் மனசு விட்டுப் போச்சு. கம்பெனிகிட்ட பேசி, தங்களோட பழைய ஆளான மிட்ச் ஈஸ்டர்கிட்டயும் டான் டிக்ஸன்கிட்டயும் திரும்பிப் போய் வட கரோலினாவுல சார்லட் நகரத்துல ரெக்கார்ட் பண்ணாங்க. அந்த ஆல்பத்தோட அட்டையப் பாத்திருக்கீங்களா? பேண்ட் ஆளுங்க மூஞ்சி இல்ல. நிலத்த மொத்தமா மூடிக் கெடக்குற ஒரு கொடி, குட்ஸூனு பேரு, ஜப்பான்ல இருந்து வந்தது, பின்னாடி மண்ணரிப்பத் தடுக்கணும்னு நிறைய நட்டது, இன்னைக்கு அமெரிக்காவோட தெக்குப் பக்கம் பூரா மரம், வீடு, கம்பம் எல்லாத்தையும் மூடிட்டு நிக்குது. உள்ள என்ன இருக்குன்னு வடிவம் மட்டும் தெரியும், ஆளு தெரியாது. பாட்டும் அப்படித் தான், ஸ்டைப் என்ன வார்த்தை பாடுறார்னு பாதிக்கு மேல புரியாது, ஆனா குரல்ல இருக்குற தவிப்பு புரியும். அந்த வருஷம் மைக்கேல் ஜாக்சனோட 'த்ரில்லர்' உலகத்தையே ஆட்டி வெச்சிட்டு இருக்கு, ரோலிங் ஸ்டோன் பத்திரிகையோட விமர்சகர்கள் வருஷத்தோட சிறந்த ஆல்பம்னு 'மர்மர்'அத் தேர்ந்தெடுத்தாங்க.

இந்த மறைஞ்சு நிக்கிற குணத்த நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்க. பின்னாடி நடந்ததுக்கெல்லாம் இதுல தான் பாதி பதில் இருக்கு.

அதுக்கப்புறம் வருஷத்துக்கு ஒரு ஆல்பம், ஒவ்வொண்ணுலயும் கூட்டம் கொஞ்சம் கூடும், குரல் கொஞ்சம் தெளியும். 1987ல 'டாக்குமென்ட்' வந்து 'தி ஒன் ஐ லவ்' அமெரிக்காவுல டாப் 10க்குள்ள போச்சு, அந்த டிசம்பர்ல ரோலிங் ஸ்டோன் அட்டையில போட்டு அமெரிக்காவோட சிறந்த ராக் அண்ட் ரோல் பேண்ட்னு எழுதுனாங்க. 1988ல வார்னருக்கு மாறுனாங்க. அதுக்கப்புறம் தான் 1991.

'லூசிங் மை ரிலிஜன்' எப்படி வந்துச்சுன்னு சொன்னா நம்ப மாட்டீங்க. பீட்டர் பக் அப்ப தான் புதுசா ஒரு மாண்டலின் வாங்கி கத்துக்கிட்டு இருந்தார். டிவி பாத்துக்கிட்டே சும்மா மீட்டிட்டு இருந்தத டேப்ல பதிவு பண்ணி வெச்சிருக்கார். மறுநாள் போட்டுக் கேட்டா, தடவித் தடவிக் கத்துக்கிட்டு இருந்ததுக்கு நடுவுல இந்த மெட்டு கெடந்துச்சு. பாட்டுல சரியான பல்லவின்னு ஒண்ணு கிடையாது, எலக்ட்ரிக் கிட்டார் கத்தாது, தலைப்புக்கும் மதத்துக்கும் சம்பந்தம் இல்ல, பொறுமை எல்லை மீறி நிலை தடுமாறிப் போறத அமெரிக்காவோட தெக்குப் பக்கம் அப்படித் தான் சொல்லுவாங்க. ஒருத்தர் மேல வெச்ச ஆசைய வெளிய சொல்லிட்டோமா, ஜாஸ்தியா சொல்லிட்டோமா, இல்ல போதலையான்னு தவிக்கிறவனோட பாட்டு அது. இத முதல் சிங்கிளா விடுறதுக்கு கம்பெனிக்கே தயக்கம் இருந்துச்சு. வீடியோ எடுத்தது ஜலந்தர்ல பொறந்த தர்செம் சிங். அதுல வர்ற இருட்டும், ஓவியம் மாதிரி உறைஞ்சு நிக்கிற உடம்புகளும், றெக்க வெச்ச கெழவரும், நீல நிற தெய்வ உருவமும், நம்ம ஊர்ப் படங்கள்ல வர்ற கனவுக் காட்சி மாதிரியே இருக்கும். அந்த வருஷம் எம்டிவியோட சிறந்த வீடியோ பரிசு அதுக்குத் தான். பாட்டு அமெரிக்காவுல நாலாவது எடம் வரைக்கும் போச்சு, 'அவுட் ஆஃப் டைம்' ஆல்பம் முதலிடத்துக்கே போச்சு, உலகம் பூரா ஒரு கோடிக்கு மேல வித்துச்சு.

அடுத்த வருஷமே 'ஆட்டோமேட்டிக் ஃபார் தி பீப்பிள்'. அதுவும் ஒரு கோடிக்கு மேல. இந்த ரெண்டு ஆல்பத்துக்கும் இவங்க டூர் போகவே இல்லைங்கிறது தான் எனக்கு இன்னைக்கும் ஆச்சரியம், உலகமே கூப்பிடுது, இவங்க வீட்ல உக்காந்து அடுத்த ஆல்பம் பண்றாங்க. 'ஆட்டோமேட்டிக்' முழுக்க சாவு, வயசாகுறது, விட்டுப் போனவங்கன்னு தான் இருக்கும், முப்பது வயச அப்ப தான் தாண்டுன ஆளுங்க இப்படி ஒண்ண எழுதுனாங்கன்னு நினைக்கவே கஷ்டமா இருக்கும். 'எவ்ரிபடி ஹர்ட்ஸ்' பெரும்பாலும் டிரம்மர் பெர்ரி எழுதுனது, ஆனா அதுல தாளம் போடுறது ஒரு மெஷின். மனசு ஒடிஞ்சு போன ஒரு சின்னப் பையனுக்கும் நேரா புரியணும்னு வேணும்னே எளிமையா எழுதுனாங்க, ஒரு காலத்துல ஒரு வார்த்தை கூடப் புரியாம பாடுன அதே ஆளுங்க. 1995ல பிரிட்டன்ல தற்கொலை எண்ணத்துல இருக்குறவங்களுக்கு உதவுற சமாரிட்டன்ஸ் அமைப்பு இந்தப் பாட்டோட வரிகளையும் தங்களோட ஃபோன் நம்பரையும் மட்டும் போட்டு விளம்பரம் குடுத்துச்சு, வேற ஒரு வார்த்தை இல்ல.

அதே ஆல்பத்துல 'நைட்ஸ்விம்மிங்'. மில்ஸோட பியானோ ஒரே சுத்துல சுத்திச் சுத்தி வரும், எங்கயும் போய் முடியாது, அதுக்கு மேல ஸ்டைப் மட்டும். டிரம்ஸ் இல்ல, கிட்டார் இல்ல. கடைசியில ஓபோங்கிற குழல் வாத்தியம் ஒண்ணு வந்து சேரும், பின்னாடி வயலின் எல்லாம் அடுக்கினது லெட் செப்பலினோட ஜான் பால் ஜோன்ஸ். ராத்திரி குளத்துல நீந்துன ஒரு பழைய ஞாபகம், அவ்வளவு தான் விஷயம். தெரியாதவங்க யாராவது ஆர்.இ.எம்.ல எதக் கேக்கலாம்னு கேட்டா நான் முதல்ல சொல்ற ரெண்டுல இது ஒண்ணு.

சரி, இவ்வளவு உயரத்துல இருந்து எறங்குனது எப்படி?

1994ல 'மான்ஸ்டர்' வந்துச்சு. ரெண்டு அமைதியான ஆல்பத்துக்கு அப்புறம் கிட்டார திருகி விட்டு சத்தமா ஒரு ராக் ஆல்பம். நேரா முதலிடம், அமெரிக்காவுல மட்டும் 40 லட்சம் பிரதி. ஆனா 'எவ்ரிபடி ஹர்ட்ஸ்' மாதிரி இன்னொண்ணு எதிர்பாத்து வாங்குனவங்க நிறைய பேரு கேட்டுட்டுத் திருப்பி வித்துட்டாங்க. அமெரிக்காவுல பழைய சிடி விக்கிற கடைக்குப் போனவங்க எல்லாரும் சொல்ற ஒரு விஷயம் இது, பெட்டியில விரல விட்டுத் தள்ளிட்டே போனா பளீர்னு ஆரஞ்சு கலர்ல, மங்கலா ஒரு கரடித் தலை போட்ட அட்டை, ஒண்ணு இல்ல, ஏழெட்டு, வரிசையா. வருஷக் கணக்கா அது அப்படியே கெடந்துச்சு. ஒரு பேண்ட் மேல மரியாதை குறையுறதுக்கு மோசமான ஆல்பம் போடணும்னு அவசியமே இல்ல, எங்க திரும்பினாலும் வேண்டாம்னு ஒதுக்கி வெச்ச பொருளா கண்ணுல பட்டாலே போதும். எனக்கு 'மான்ஸ்டர்' பிடிக்கும், அதுல 'லெட் மீ இன்' நிர்வாணா பாடகர் கர்ட் கோபெய்ன நெனச்சு எழுதுன பாட்டு, அத ஒரு தடவையாவது கேக்காம அந்த ஆல்பத்த ஒதுக்காதீங்க.

1995ல அந்த ஆல்பத்துக்கு டூர் போனப்ப மார்ச் 1ஆம் தேதி சுவிட்சர்லாந்துல லோசான் நகரத்துல மேடையிலயே பெர்ரிக்கு மூளையில ரத்தக் குழாய் வெடிச்சு சரிஞ்சுட்டார். நல்ல வேளை பொழச்சார், திரும்ப வந்து டூரையும் முடிச்சார். அதே டூர்ல மில்ஸுக்கு வயித்துல ஆபரேஷன், ஸ்டைப்புக்கு ஹெர்னியா ஆபரேஷன். 1997 அக்டோபர்ல பெர்ரி போதும்னு சொல்லிட்டார், போய் விவசாயம் பாக்க ஆரம்பிச்சார். போறப்ப ஒரே ஒரு நிபந்தனை தான், நான் போறதால பேண்ட் கலையும்னா நான் போகல. அதனால மூணு பேரும் தொடர்ந்தாங்க. மூணு கால் நாயும் நாய் தான், வேற மாதிரி ஓடக் கத்துக்கணும்னு ஸ்டைப் சொன்னார்.

ஓடக் கத்துக்கிட்டாங்களா? எனக்கு இதுல நேர்மையா சொல்லணும். 'அப்' நல்ல ஆல்பம், 'ரிவீல்'ல நாலஞ்சு அருமையான பாட்டு இருக்கு, 2004ல வந்த 'அரவுண்ட் தி சன்' உயிரில்லாத ஆல்பம். அமெரிக்காவுல அது 13ஆவது எடத்தத் தாண்டல. ஐரோப்பாவுலயும் பிரிட்டன்லயும் கூட்டம் கொறையல, அங்க அதே ஆல்பம் முதலிடம், ஆனா சொந்த நாட்டுல ரேடியோ அவங்கள விட்டு நகந்துடுச்சு. நான் நினைக்கிறது, பெர்ரி போனதுல தாளம் மட்டும் போகல. பாட்ட எங்க வெட்டணும்னு சொல்ற ஆளு அவர் தான்னு கூட இருந்தவங்களே சொல்லியிருக்காங்க, அந்த வெட்டு போனதும் பாட்டு நீள ஆரம்பிச்சிடுச்சு. கடைசி ரெண்டு ஆல்பம் நல்லா மீண்டு வந்துச்சு, ஆனா அதுக்குள்ள கேக்குறவங்க கவனம் வேற எங்கயோ போயிடுச்சு.

2011 செப்டம்பர் 21ஆம் தேதி கலைச்சிட்டாங்க. சண்டை இல்ல, கேஸ் இல்ல, ஒருத்தரப் பத்தி ஒருத்தர் மோசமா பேட்டி குடுக்கல, கடைசி டூர்னு டிக்கெட் விக்கல. ஒரு அறிக்கை, நன்றி, அவ்வளவு தான்.

இங்க தான் என்னோட வாதமே வருது. ஒரு பழைய பேண்ட் இன்னைக்கும் எல்லார் வாயிலயும் இருக்குதுன்னா பாட்டு நல்லா இருக்குங்கிறது மட்டும் காரணம் இல்ல, பின்னாடி ஒரு எண்ணெய் போட்ட இயந்திரம் ஓடிட்டே இருக்கணும். யாராவது இளமையிலயே செத்திருக்கணும், இல்லன்னா ரெண்டு பேர் ஜென்ம விரோதியா ஆகியிருக்கணும், இல்லன்னா அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை மறுபடி சேர்ந்து ஸ்டேடியம் ஸ்டேடியமா போகணும், டீ-ஷர்ட்ல போட ஒரு லோகோ வேணும். ஆர்.இ.எம்.கிட்ட இதுல ஒண்ணு கூட இல்ல. நாலு பேரும் உயிரோட இருக்காங்க, நாலு பேரும் ஃப்ரெண்ட்ஸ். பெர்ரி இருந்த வரைக்கும் அவங்க பாட்டுக்கெல்லாம் பெர்ரி, பக், மில்ஸ், ஸ்டைப்னு நாலு பேர் பேரும் அகர வரிசையில சமமா தான் போகும், யார் எழுதுனாலும் சரி, பணமும் சமமா தான், ஒருத்தர் வேண்டாம்னாலும் அந்த விஷயம் நடக்காது. முக்கால்வாசி பேண்டுங்க உடையுறது யார் எழுதுனதுங்கிற பணத் தகராறுல தான், இவங்க அந்தத் தகராற பொறக்குறதுக்கு முன்னாடியே தீத்துட்டாங்க. அதனால ஒரு படம் எடுக்கற அளவுக்குக் கூட கதை இல்லாம போச்சு. ஒழுங்கா வாழ்ந்த குடும்பத்தப் பத்தி யாரும் ஊர்க்கதை பேசறதில்ல, அது மாதிரி.

நிர்வாணாவ பக்கத்துல வெச்சுப் பாருங்க, எனக்கு அவங்களையும் ரொம்பப் பிடிக்கும், அதனால குறையா சொல்லல. 1991ல ஆல்டர்னேட்டிவ் ராக் உச்சிக்கு வந்த கதைய எல்லாரும் நிர்வாணாவோட 'நெவர்மைண்ட்' ஆல்பத்துல இருந்து தான் ஆரம்பிக்கிறாங்க, அது செப்டம்பர்ல வந்துச்சு. 'அவுட் ஆஃப் டைம்' மார்ச்லயே வந்து மே மாசமே முதலிடத்துல உக்காந்தாச்சு. வேன்ல ஊர் ஊரா போன, காலேஜ் ரேடியோவுல வளந்த ஒரு பேண்ட் தன் மானத்த விக்காமலே உச்சிக்குப் போக முடியும்ங்கிறதுக்கு கோபெய்ன் பாத்த உதாரணமே இவங்க தான், அத அவரே வெளிப்படையா சொல்லியிருக்கார். அவர் பொண்ணுக்கு ஞானத் தகப்பன் ஸ்டைப். 2014ல நிர்வாணாவ ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்ல சேத்தப்ப மேடையேறிப் பேசுனதும் ஸ்டைப் தான். ஆனா டீ-ஷர்ட் நிர்வாணாவுக்கு, ஏன்னா 1994ல கோபெய்ன் போயிட்டார், இருவத்தேழு வயசுலயே அவர் மூஞ்சி நின்னு போச்சு. ஸ்டைப்புக்கு தாடி நரைச்சு, ஃபோட்டோ எடுத்து, சிற்பம் செஞ்சு அவர் பாட்டுக்கு வாழ்ந்துட்டு இருக்கார்.

ரேடியோஹெட் கதை இன்னும் நெருக்கம். 1995 டூர்ல இவங்களுக்கு முன்னாடி வாசிக்கப் போன பேண்டுல அவங்களும் ஒண்ணு. புகழோட பாரம் தாங்காம ரேடியோஹெட் பாடகர் தாம் யார்க் தவிச்சப்ப ஸ்டைப் ஒரு வழி சொல்லிக் குடுத்தார், கதவ இழுத்துச் சாத்திட்டு, நான் இங்க இல்ல, இது நடக்கல, அப்படின்னு உனக்கு நீயே சொல்லிக்கோன்னு. அது அப்படியே 2000ல வந்த 'கிட் ஏ' ஆல்பத்துல 'ஹவ் டு டிஸ்அப்பியர் கம்ப்ளீட்லி'ங்கிற பாட்டோட உயிரான வரியா ஆகிடுச்சு. அக்கா பொண்ணு உருகி உருகிக் கேக்குற பாட்டு அது. அவ ஆர்.இ.எம்.அ கேட்டதே இல்லன்னு நினைச்சிட்டு இருக்கா.

இவங்க தடம் இப்படித் தான் இருக்கு, பேர் எழுதாம அடுத்தவங்க வீட்டுக்குள்ள. இசையில மட்டும் இல்ல. 'அவுட் ஆஃப் டைம்' வந்தப்ப அமெரிக்காவுல சிடிய ஒரு நீளமான அட்டைப் பெட்டியில வெச்சு தான் விப்பாங்க, பிரிச்ச உடனே குப்பைக்குப் போற பெட்டி. சுற்றுச்சூழல்ல அக்கறை இருக்குற இவங்களுக்கு அது பிடிக்கல. கடைசியில அந்தப் பெட்டிக்குப் பின்னாடி ஒரு மனுவ அச்சடிச்சாங்க, ரசிகர் கையெழுத்துப் போட்டு வெட்டி செனட்டருக்கு தபால்ல அனுப்பலாம். டிரைவிங் லைசென்ஸ் வாங்கப் போற எடத்துலயே வாக்காளரா பதிவு பண்ணிக்கிற வசதி வேணும்ங்கிறது தான் கோரிக்கை. மூட்டை மூட்டையா மனு போச்சு. 1992ல அந்த மசோதாவ அதிபர் புஷ் தடுத்தார், 1993ல கிளின்டன் கையெழுத்துப் போட்டு சட்டமாச்சு. அத ஒரு பேண்ட் மட்டும் கொண்டு வந்துச்சுன்னு நான் சொல்லல, அந்த இயக்கத்துல பல பேர் இருந்தாங்க. ஆனா இன்னைக்கு அங்க லைசென்ஸ் ஆபீஸ்ல ஓட்டுக்குப் பதிவு பண்ணிக்கிற பதினெட்டு வயசுப் பிள்ளைக்கு ஒரு சிடி பெட்டிக்கும் இதுக்கும் தொடர்பு உண்டுன்னு தெரிய வாய்ப்பே இல்ல.

இப்ப எண்ணிக்கை பேசுறவங்களுக்கு. 'லூசிங் மை ரிலிஜன்' வீடியோ 2022ல யூட்யூப்ல 100 கோடி பார்வையத் தாண்டிடுச்சு. 2020 மார்ச்ல கொரோனாவுக்கு ஊரடங்கு போட்டப்ப, உலகம் முடியப் போகுதுன்னு பாடுற அவங்க 1987 பாட்டு திடீர்னு மறுபடி பட்டியல்ல ஏறுச்சு. 2023ல 'தி பேர்' தொடர்ல 'ஸ்ட்ரேஞ்ச் கரன்சீஸ்' திரும்பத் திரும்ப வந்து, அதே 'மான்ஸ்டர்' ஆல்பத்துப் பாட்டு, புதுசா ஒரு கூட்டத்தையே இழுத்துட்டு வந்துச்சு. ஆக பாட்டு சாகல. ஆனா 'ஏதோ ஒரு பாட்டு' உயிரோட இருக்கிறதும் ஒரு பேண்ட் உயிரோட இருக்கிறதும் வேற வேற.

எனக்கு உண்மையிலயே வலிக்கிற எடம் இது தான். ஸ்ட்ரீமிங் ஆப் ஒரு பேண்டோட பக்கத்தத் திறந்தா அதிகம் கேட்ட அஞ்சாறு பாட்ட மேல வெக்கும், மேல இருக்குறதால அதையே கேப்பாங்க, கேக்குறதால அதுவே மேல இருக்கும். ஹிட் பாட்டு பேண்டுங்களுக்கு இது வரம். ஆல்பமா யோசிச்ச பேண்டுங்களுக்கு இது மெல்ல மெல்ல மண்ணு மூடுறது. ஆர்.இ.எம். 15 ஸ்டுடியோ ஆல்பம் போட்டவங்க, 1983ல இருந்து 1987 வரைக்கும் வருஷம் தப்பாம வந்த அந்த அஞ்சு ஆல்பத்துல இருந்து தான் பெரிய கம்பெனிங்கள நம்பாத அமெரிக்க இண்டி ராக்ல பாதி முளைச்சுது, பேவ்மெண்ட்னு ஒரு பேண்ட் அந்தக் கால ஆர்.இ.எம். பத்தியே ஒரு பாட்டுப் போட்டிருக்காங்க, அவ்வளவு பக்தி. அந்த அஞ்சும் அந்தப் பக்கத்துல கீழ, ரொம்பக் கீழ கெடக்குது. மேல 'ஷைனி ஹேப்பி பீப்பிள்' சிரிச்சிட்டு நிக்குது, 2003ல தங்களோட சிறந்த பாட்டுத் தொகுப்பு போட்டப்ப அவங்களே சேக்காம விட்ட பாட்டு.

மறுபடி சேர்ந்திருந்தா இதெல்லாம் மாறியிருக்குமா? மாறியிருக்கும். ஒரே ஒரு ஸ்டேடியம் டூர் போதும், அக்கா பொண்ணு வயசுப் பிள்ளைங்க அலமாரியில ஆர்.இ.எம். டீ-ஷர்ட் இருந்திருக்கும். 2024 ஜூன்ல ஒரு டிவி பேட்டியில நாலு பேரும் ஒண்ணா உக்காந்தாங்க, திரும்ப சேரணும்னா என்ன நடக்கணும்னு கேட்டதுக்கு, ஒரு வால்நட்சத்திரம்னு மில்ஸ் பதில் சொன்னார். பாத்தா அதே வாரம் நியூயார்க்ல பாடலாசிரியர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேம் விழாவுல நாலு பேரும் மேடையேறி 'லூசிங் மை ரிலிஜன்' வாசிச்சாங்க, பெர்ரியும் சேர்த்து. ஒரே ஒரு பாட்டு, எறங்கிட்டாங்க. 2025 பிப்ரவரியில ஏதன்ஸ்ல 40 வாட் கிளப்ல, நடிகர் மைக்கேல் ஷானனும் இசைக்கலைஞர் ஜேசன் நார்டூசியும் இவங்க பழைய ஆல்பத்த முழுசா வாசிக்கிற ஒரு கச்சேரி, கூட்டத்தோட கூட்டமா வந்த நாலு பேரும் மேடைக்குப் போய் 'ப்ரிட்டி பர்ஸுவேஷன்' வாசிச்சாங்க. பழைய ஊர், சின்ன எடம். டிக்கெட் விலை ஏத்தி உலகத்துக்கு அறிவிச்சிருந்தா எத்தன கோடி வந்திருக்கும்னு அவங்களுக்கும் தெரியும்.

அக்கா பொண்ணுக்கு இதெல்லாம் சொல்லி போரடிக்க விரும்பல. நான் சொல்ற ரெண்டு பாட்டுல ரெண்டாவத மட்டும் அவளுக்குப் போட்டுக் குடுத்தேன், 1986ல வந்த 'ஃபால் ஆன் மீ'. அமில மழையில இருந்து ஆரம்பிச்சு, மேல இருந்து அழுத்துற எல்லாத்தையும் பத்தின பாட்டு. ஆரம்பத்துல பீட்டர் பக்கோட கிட்டார் ஒவ்வொரு நரம்பா தனித்தனியா உதிரும். பல்லவி வந்ததும் ஸ்டைப் ஒரு மெட்டுல பாடுவார், அதே நேரத்துல மில்ஸ் வேற வார்த்தை, வேற மெட்டு, மேல பறந்து போவார், கீழ பெர்ரி மூணாவதா ஒண்ணு. மூணும் ஒண்ண ஒண்ணு மறைக்காது. அவ முதல் தடவை கேட்டப்ப ஒண்ணும் சொல்லல. பல்லவி முடிஞ்சதும் விரல வெச்சு இருவது செகண்ட் பின்னாடி இழுத்தா. திரும்ப இழுத்தா. "மாமா, இதுல எந்தக் குரல ஃபாலோ பண்ணணும்?"னு கேட்டா. முதல் தடவ மில்ஸ மட்டும் புடிச்சுட்டுப் போன்னு சொன்னேன்.